உப்புத் தின்னாத ஊர்

பதினேழாவது முறையும் சபை அதே பதிலைத்தான் சொன்னது.

நிரோஜினி கேள்வியை மாற்றிக்கூடக் கேட்கவில்லை. “அந்த நாள் திரும்பவும் வருகுது எண்டு வையுங்கோ. கடல் தாண்டி வந்தவங்கள் உங்கட எல்லைச் சுவரடியில வந்து நிக்கிறாங்கள். என்ன செய்வீங்கள்?”

ஒலிபெருக்கியில் முதலில் ஒரு மூச்சு கேட்டது. செத்தவர்களுக்கு மூச்சு எதற்கு என்று ஒரு காலத்தில் அவள்தான் வாதாடினாள். மூச்சில்லாமல் பேசினால் கேட்கிறவர்கள் மிரளுகிறார்கள் என்று சேர்த்துவிட்டார்கள். மூச்சுக்குப் பின்னால், நாலைந்து கிழட்டுக் குரல்களை ஒரே கயிறாக முறுக்கியது மாதிரி ஒரு குரல், மெக்சிகோவின் பழைய நாவாட்டில் மொழியில் அவசரமில்லாமல் பேசி முடித்தது.

கிரிசெல்தா குவாமாட்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு மொழிபெயர்த்தாள். அறுபது வயது. நகராட்சி ஆவணக் காப்பகத்தில் முப்பது வருஷ வேலை. வீட்டில் இன்னமும் நாவாட்டில் பேசுகிற குடும்பம்.

“‘முதலில் சண்டை போடுவோம். பிறகு சேர்ந்துகொள்வோம். ஏரி நடுவிலே இருக்கிற நகரம் விழும். விழட்டும்.’ அவ்வளவுதான். போன தடவை சொன்னதேதான்.”

“அடுத்த நூறு வருஷத்தில நோய் நோயா வந்து உங்கட சனத்தில பத்துக்கு ஒன்பது பேர் போயிடுவினம் எண்டும் சொன்னனே. அதுக்கு?”

“அதுக்கும் பதில் இருக்கு.” கிரிசெல்தா குறிப்பைப் பார்த்தாள். “‘அறுபது வருஷம் உப்பில்லாமல் இருந்தவனிடம் வந்து அறுபத்தோராம் வருஷத்தைக் காட்டிப் பயமுறுத்தாதே.’”

சோலைராஜ் வாய்விட்டுச் சிரித்தான். ராஜபாளையத்துக்காரன், நாற்பதை நெருங்குகிறவன். இயந்திரத்தின் மின்சாரமும் குளிர்ச்சியும் அவன் பொறுப்பு. “நம்ம ஊர் மேடையா இருந்தா விசில் பறந்திருக்கும்க்கா” என்றான் தமிழில்.

நிரோஜினி சிரிக்கவில்லை. ‘ஓட்டம் 17. மறுப்பு’ என்று பதிவு செய்தாள். அவளுக்கு ஐம்பது வயது. சிரிப்பும் அழுகையும் ஆறு வயதிலேயே நின்றுபோயின. அதை அவள் ஒரு குறையாகச் சொல்லிக்கொள்வதில்லை. சிலருக்கு மோப்பம் தெரியாது, சிலருக்குப் பச்சை நிறம் தெரியாது, அது மாதிரி.

அது 2041-ஆம் வருஷம். மெக்சிகோவின் மிகச் சிறிய மாநிலமும், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னால் ஸ்பெயின்காரர்களோடு சேர்ந்து அஸ்டெக்குகளின் ஏரி நகரத்தை வீழ்த்திய மண்ணுமான த்லாஸ்காலாவில், ஓட்டம் நின்றுபோன ஒரு பழைய நூற்பாலைக்குள் இயந்திரத்தை வைத்திருந்தார்கள். அதற்கு நீளமான அரசாங்கப் பெயர் ஒன்று இருந்தது. ஊர்க்காரர்கள் அதைப் ‘பானை’ என்றே சொன்னார்கள். பானை என்பதே சரி. உள்ளே போட்டுக் கொதிக்க வைத்தால் செத்தவர்கள் வாய் திறப்பார்கள்.

*

லிசென்சியாதோ ஒலாசாபல் தலைநகரிலிருந்து காரில் வந்து இறங்கினார். நினைவு ஆணையத்தின் செயலாளர்; லிசென்சியாதோ என்பது படித்த அதிகாரிக்கு அங்கே சொல்லும் மரியாதைப் பட்டம். வழுக்கைத் தலை, நல்ல ஷூ, யாரையும் அவமரியாதையாகப் பேசாத வாய்.

“இன்ஜினியரம்மா, எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க. இது ஏன் ஒத்துக்க மாட்டேங்குது?”

“இதுக்குள்ள நாங்கள் போட்டது மூண்டு சாமான்” என்றாள் நிரோஜினி. ஸ்பானிஷையும் வன்னித் தமிழ் மாதிரியே அவள் இழுத்துப் பேசுகிறாள் என்பது சோலைராஜின் நெடுநாள் புகார். “முதலாவது எழுத்து. இந்த ஊர்ச் சபை எழுதி வைச்ச குறிப்பு, காணி வழக்கு, உயில், பாட்டு. இரண்டாவது உடம்பு. தோண்டின எலும்பில இருந்து என்ன திண்டாங்கள், என்ன நோய் வருத்தம் வந்தது எல்லாம் எடுத்தம். மூண்டாவது அடித்தட்டு. எல்லா மனிசருக்கும் பொதுவான உணர்ச்சி. பயம், வெக்கம், செய்ததை நினைச்சு வருந்திற கழிவிரக்கம்.”

“யார் பேசறது? ராஜாக்களா?”

“தனி ஆளில்லை. சொந்தக்காரர் சம்மதிக்காமல் தனி ஆளை எழுப்பச் சட்டம் விடாது. இங்க நாலு பகுதி சேர்ந்துதான் ஒரு ஊர். நாலும் ஒண்டாயிருந்து பேசித்தான் முடிவெடுக்கும். அந்தச் சபையைத்தான் எழுப்பியிருக்கிறம்.”

“சரி. எதுக்காவது வருத்தப்படறீங்களான்னு கேட்டுப் பாத்தீங்களா?”

கேட்டிருந்தார்கள். ஒன்பதாவது ஓட்டத்தில். கிரிசெல்தா கோப்பைப் புரட்டி வாசித்தாள்:

“‘ஏரி நகரத்து அரசர்கள் எங்கள் வழிகளை அடைத்தார்கள். பருத்தி வரவில்லை, கொக்கோ வரவில்லை, உப்பு வரவில்லை. சனங்கள் உப்பில்லாமல் தின்னப் பழகிக்கொண்டார்கள். ஆனால் சண்டை ஓய்ந்த காலங்களில் அதே அரசர்கள் எங்களுக்கு மட்டும் ரகசியமாக உப்பு மூட்டை அனுப்பினார்கள். பெரிய இடங்களுக்குள் அது ஒரு மரியாதை. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு தின்றோம். பிறகு வெளியே வந்து, உப்பில்லாமல் இருப்பதுதான் வீரம் என்று சனங்களுக்குச் சொன்னோம். அதற்கு வருந்துகிறோம்.’”

கிரிசெல்தா கோப்பை மூடினாள்.

“அது செல்லாது” என்றார் ஒலாசாபல். “அது உள்ளூர் விவகாரம். நாடு கேக்கறது வேற. அந்நியனோட சேர்ந்து தலைநகரத்தை விழவச்சதுக்கு ஒரு வார்த்தை. ஆகஸ்ட் பதிமூணு. நகரம் விழுந்து ஐந்நூத்தி இருபது வருஷம். ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுட்டா பாடப்புத்தகத்துல ‘துரோகி’ங்கற சொல்லை எடுத்துடலாம். ரெண்டு பக்கமும் ஒத்துக்கிட்ட திட்டம்.”

“அது கேக்காது, லிசென்சியாதோ. பதினேழு தரம் பாத்திட்டன்.”

அவர் பானையின் பக்கவாட்டுத் திரையைக் காட்டினார். “இந்தக் கழிவிரக்க அளவு இருக்கே, நூத்துக்கு முப்பத்தொண்ணு. இதை யார் வச்சது?”

“நான்தான்.”

“எப்படி?”

“உயிரோட இருக்கிற நாற்பதாயிரம் பேரைக் கேட்டு எடுத்த சராசரி.”

“பாத்தீங்களா? கடவுள் வைக்கலை. நீங்க வச்சது. அதுவும் உயிரோட இருக்கறவங்க சராசரி. செத்தவங்களுக்கு யோசிக்க இன்னும் நிறைய நேரம் கிடைச்சிருக்குமே? எண்பதுன்னு வைங்களேன்.”

முப்பத்தொன்று சரி என்றால் எண்பது ஏன் தப்பு? அந்தக் கேள்வி நியாயமாகவே இருந்தது. நியாயமான கேள்விகள்தான் ஆபத்து.

கிளம்பும்போது, கார்க் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தற்செயலாக ஞாபகம் வந்தது மாதிரி அவர் சொன்னார். “உங்க ஒரு மணிநேர விண்ணப்பம் என் மேசையிலதான் இருக்கு. கையெழுத்துப் போட எனக்கு ஒண்ணும் ஆட்சேபணை இல்லை. விழா நல்லபடியா முடியட்டும்.”

*

பானையில் வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சலுகை உண்டு. மூன்று வருஷம் முடித்தால், தங்கள் சொந்தத்தில் செத்துப்போன ஒருவரை ஒரு மணிநேரம் எழுப்பிக்கொள்ளலாம். ஆணையத்தின் சாவி இல்லாமல் அது நடக்காது. நிரோஜினி டொராண்டோவில் நல்ல வேலையை விட்டுவிட்டு இந்த ஊருக்கு வந்தது அந்த ஒரு மணிநேரத்துக்காகத்தான்.

1997. வன்னியில் பாதை அடைத்திருந்த காலம். சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை, மருந்து இல்லை. ஆறு வயது நிரோஜினிக்குச் சலரோகம். இன்சுலின் இல்லாவிட்டால் பத்து நாள் என்றார் வைத்தியர். அப்பா பரராசசிங்கம், கூட்டுறவுச் சங்கக் கடை முகாமையாளர், சைக்கிளை எடுத்துக்கொண்டு சோதனைச் சாவடியைத் தாண்டி ஆமிக் காம்புக்குப் போனார். இன்சுலினோடு திரும்பி வந்தார். குளிரில் இருக்கவேண்டும் என்பதற்காக அதைப் போத்தலில் போட்டுக் கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டார். மாதம் ஒருமுறை போனார். ஐந்தாவது மாதம் வாசிகசாலைக்குப் பின்னால் அவரைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். யார் சுட்டது என்று யாரும் சொல்லவில்லை. நெஞ்சில் ஒரு அட்டை. துரோகி.

கிணற்றில் மிச்சமிருந்த மருந்து தீரும் முன் நிவாரண லொறி ஒன்று வந்தது; அவள் பிழைத்தாள். மருந்துக்குப் பதிலாக அவர் காம்பில் என்ன கொடுத்தார்? யாருக்கும் தெரியாது. பானைக்கும் தெரியாது. போடாத சாமானைப் பானை தராது. ஆனால் ஒன்றை மட்டும் அது சொல்லும். எல்லாம் தெரிந்த பிறகும் திரும்பப் போவாரா, மாட்டாரா. அதைத்தான் அவள் கேட்கவேண்டும். அவளிடம் அப்பாவின் நாட்குறிப்பு இருந்தது. நோர்வேயிலிருந்த பெரியப்பாவுக்குக் கடிதத்துக்குப் பதிலாக அவர் பேசி அனுப்பிய ஒலிநாடா ஒன்றும் இருந்தது. நாற்பது நிமிடம். சைக்கிள் டைனமோவைச் சுற்றிச் சுற்றிப் பதிந்தது.

அடுத்த நாள் மத்தியானம் நூற்பாலை வாசலில், தகரக் கூரைக் கடையில், மூன்று பேரும் நீலச் சோள அடை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவரை மசியல். சோலைராஜ் உப்பு டப்பாவைக் கிரிசெல்தாவிடம் நீட்டினான். அவள் தள்ளிவிட்டாள்.

“வேண்டாம்ப்பா. பிரஷர். எங்க முன்னோர்களுக்கு உப்பை நிறுத்தினவன் அஸ்டெக்காரன். எனக்கு நிறுத்தினவன் டாக்டர்.”

“அப்ப டாக்டர் மேல படையெடுங்க.”

“ஸ்பெயின்காரன் யாராவது வந்தா சொல்லு, சேர்ந்துக்கறேன்.”

அவர்கள் சிரித்து ஓய்ந்த பிறகு நிரோஜினி கேட்டாள். “கிரிசெல்தா, அளவைக் கூட்டட்டோ வேண்டாமோ? உங்கட ஊர். நீங்கள் சொல்லுங்கோ.”

கிரிசெல்தா கிழக்கே மழைமேகத்துக்கு எதிரே நின்ற மலையைக் காட்டினாள். “அந்த மலைக்குப் பேர் தெரியுமில்ல? மலிஞ்சே. ஸ்பெயின்காரனுக்கு மொழிபெயர்ப்பா இருந்தவ பேரு. அவளும் துரோகி. காலையில எந்திரிச்சா நாங்க பாக்கற மலைகூடத் துரோகி. என் பேரன் ருபேன் தலைநகரத்துல படிக்கப் போனான். முதல் நாளே கேட்டிருக்கானுங்க, ‘டேய், எங்களை எவ்வளவுக்குடா வித்தே?’ன்னு. அது பழசு. இப்போ புதுசா ஒண்ணு. ‘த்லாஸ்காலாவா? அப்படி ஒரு ஊரே கிடையாதே!’ இருந்தா துரோகி, இல்லைன்னா ஊரே இல்லை. நடுவுல ஒரு இடம் கொடுக்க மாட்டேங்கறாங்க.”

“அதனால?”

“மன்னிப்புக் கேட்கட்டும். களைச்சுப் போச்சு. ஐந்நூறு வருஷம் கோபப்பட்டு, ரோஷப்பட்டு, இப்போ எனக்கு ஒண்ணுமே தோணலை. அது நிஜமா பொய்யான்னுகூடத் தோணலை.”

அந்த ‘ஒண்ணுமே தோணலை’ நிரோஜினிக்கு நன்றாகத் தெரிந்த இடம். அவள் அங்கே வீடு கட்டிக் குடியிருக்கிறாள்.

சோலைராஜ்தான் விடவில்லை. தமிழுக்கு மாறினான். “அக்கா, உப்பத் தின்னுபுட்டு ரெண்டகம் பண்ணாத்தான துரோகம்? இவுங்களுக்கு அந்த உப்பயே குடுக்கலையேக்கா! எவன் உப்பத் தின்னு எவனுக்கு ரெண்டகம் பண்ணாங்க? அது தெளிவாப் பேசிக்கிட்டிருக்கு. அது வாயப் பிடுங்கி நம்ம வாய வைக்கணுமா?”

“எனக்குத் தெரியும் தம்பி.”

“தெரிஞ்சா பண்ணாதிய.”

“அந்தாள் கையெழுத்துப் போடாட்டி எனக்கு அந்த ஒரு மணித்தியாலம் இல்லை. மூண்டு வருஷமா வேற ஒண்டுக்காகவும் நான் இங்க இருக்கேல்ல.”

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டான். மறுபடி பேசியபோது இயந்திரத்தைப் பார்த்துக்கொள்கிறவனாகத்தான் பேசினான். “மத்த ஊர்ப் பானைகள்ல இல்லாம, இந்தப் பானையில மட்டுந்தான மாத்துவிய?”

“ஓம். இதில மட்டும்.”

சாப்பிட்டு முடித்து உள்ளே போனாள். முப்பத்தொன்றை அழித்தாள். எண்பது என்று அடித்தாள். ஒரு விரல், இரண்டு தட்டல்.

கேள்வியைக் கேட்டாள். மூச்சு கேட்டது. குரல் வந்தது.

கிரிசெல்தா முதல் தடவையாகக் குறிப்பே எடுக்கவில்லை. நிமிர்ந்தாள்.

“‘தவறு செய்துவிட்டோம். செய்திருக்கக் கூடாது. எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள்.’”

“மொழி சரியோ?”

“மொழி ரொம்பச் சரி. நல்ல சுத்தமான நாவாட்டில்.” கண்ணாடியைத் துடைத்துக்கொண்டாள். “எங்க ஊர்க்காரங்க பேச்சு மாதிரி இல்லை. எங்க மொழியை நல்லாக் கத்துக்கிட்ட ஒரு பாதிரியார் பேசற மாதிரி இருக்கு.”

*

ஆகஸ்ட் பதின்மூன்று. நகரச் சதுக்கத்தில் பத்தாயிரம் பேர். கட்டட உயரத்துக்குத் திரை. தலைநகரிலிருந்து அமைச்சர்கள், பள்ளிப் பிள்ளைகள், இறகுக் கிரீடமும் வெள்ளைக்கார முகமூடியும் வைத்த ஆட்டக்காரர்கள். ஒலாசாபல் ஒரு புதுமையும் செய்திருந்தார். தலைநகரத்தின் பரிசாக மேடை நடுவில் ஒரு பெரிய கற்கிண்ணம். அது நிறைய வெள்ளை உப்பு.

கிரிசெல்தா அதைப் பார்த்ததும் நிரோஜினியின் முழங்கையைப் பிடித்தாள். “அந்த மனுஷன் ஒன்பதாவது ஓட்டத்தைக் காதுல வாங்கவே இல்லையா?”

வாங்கியிருந்தார். ‘உப்பு’ என்ற ஒரு சொல் மட்டும் அவர் காதில் தங்கியிருந்தது.

சபை பேசியது. தவறு செய்துவிட்டோம், செய்திருக்கக் கூடாது, எங்களை மன்னித்துக்கொள்ளுங்கள். பிறகு, உப்புக்கு நன்றி என்றது. எந்த உப்பை ரகசியமாகத் தின்றதற்காக அந்தக் குரல் வெட்கப்பட்டதோ, அதே உப்பை, அதே கைகளிடமிருந்து, பத்தாயிரம் பேர் முன்னால் வாங்கிக்கொண்டது. சனம் அழுதது. ஒரு அமைச்சர் நிஜமாகவே தேம்பினார். ஆட்டக்காரர்கள் முகமூடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார்கள். மழை பிடித்துக்கொண்டது. உப்பு கிண்ணத்திலேயே கரைந்தது. அதை யாரும் எடுத்து உள்ளே வைக்கவில்லை.

கிரிசெல்தா கைதட்டினாள். எல்லோரும் நிறுத்திய பிறகும் கொஞ்சம் தட்டினாள்.

மறுநாள் தலைநகரத்துப் பத்திரிகை ஒன்று முதல் பக்கம் முழுக்க மூன்றே சொல் போட்டிருந்தது. ‘த்லாஸ்காலா குற்றத்தை ஒப்புக்கொண்டது.’

பாடப்புத்தகத்திலிருந்து ‘துரோகி’ என்ற சொல்லை எடுத்தார்கள். அந்த இடத்தில் ‘தாங்களே பின்னாளில் ஒப்புக்கொண்டபடி’ என்று ஒரு வரி வந்தது. ருபேனின் வகுப்பில் இப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை என்று கிரிசெல்தா சொன்னாள். “முன்னாடி சந்தேகமாவது இருந்தது. இவனும் பதிலுக்கு ரெண்டு வார்த்தை பேசுவான். இப்போ தோள்ல தட்டிக் கொடுத்து, ‘பரவால்லடா, விடு’ங்கறானுங்களாம். மன்னிச்சுட்டாங்களாம்.”

“நான் என்ன செய்ய, கிரிசெல்தா?”

“ஒண்ணும் செய்யாதீங்க. நான்தானே கேட்டேன்.”

அவள் நூற்பாலைக்கு வந்தது அதுதான் கடைசி.

விழாவை உலகம் முழுக்கப் பார்த்துவிட்டார்கள். அதற்குப் பிறகு பானைக்கு வந்த விண்ணப்பங்களைச் சோலைராஜ் முதலில் கோப்பில் வைத்தான், பிறகு பெட்டியில் வைத்தான், பிறகு வைக்க இடமில்லாமல் நெசவு அறையில் கொட்டினான். ஒரு சுரங்கக் கம்பெனி தன் பழைய முதலாளியை மன்னிப்புக் கேட்க வைக்கவேண்டும் என்றது. வழக்கை முடிக்க அது வசதி. ஒரு பெண், தன்னை அடித்த புருஷன். ஒரு நாடு, தன் பழைய ராணுவம். எல்லோருக்கும் ஒரே சாமான்தான் வேண்டியிருந்தது. செத்தவன் தலை குனியவேண்டும்.

எங்கேயோ ஒரு பானையில் ஒரு தாத்தா குனியவில்லை. பேரன்கள் பானை செய்த கம்பெனி மேல் வழக்குப் போட்டார்கள். பணம் கட்டியது நினைவுக்காக, அவமானத்துக்காக இல்லை என்றார்கள். பானை செய்கிறவர்கள் பயந்துபோனார்கள். செப்டம்பர் கடைசியில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி எல்லாப் பானைகளிலும் அடித்தட்டு ஒரே தரமாக இருக்கும். கழிவிரக்கம் எண்பது, யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியது. மாதிரி: த்லாஸ்காலா. பழைய அடித்தட்டு, குழப்பம் வரக்கூடாது என்பதற்காக, மூலத்திலேயே அழிக்கப்பட்டது.

சுற்றறிக்கையின் அடியில், இந்தத் தரத்தை உருவாக்கியதற்காக நிரோஜினி பரராசசிங்கத்துக்கு நன்றி தெரிவித்திருந்தார்கள்.

*

ஒலாசாபல் வாக்குத் தவறவில்லை. அக்டோபர் மாதம், ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணி. காத்திருப்பு அறையில் ஆறு குடும்பங்கள், மடியில் செத்தவர்களின் காகிதங்களோடு உட்கார்ந்திருந்தன. கண்ணாடி அறை வாசலில் சோலைராஜ் நின்றான். அன்று சவரம் செய்துகொண்டு வந்திருந்தான்.

“அக்கா, ஒன்னு சொல்லட்டா? வேணாம்க்கா. எண்பதுலதான் வரும். உங்களுக்கே தெரியும்.”

“தெரியும்.”

“பெறகு எதுக்கு?”

“எண்பதிலயும் சிலர் ‘மன்னிப்புக் கேக்கமாட்டன்’ எண்டு சொல்லியிருக்கினம் தம்பி. ஆயிரத்தில மூண்டு பேர்.”

அவன் வழிவிட்டான்.

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். நாட்குறிப்பு, ஒலிநாடா, இரண்டு படங்கள், மரண அறிவித்தல். எல்லாம் நேற்றே உள்ளே போயிருந்தன. விளக்கு பச்சையானது. மூச்சு கேட்டது.

“பிள்ளை,” என்றது அப்பாவின் குரல். “சாப்பிட்டியே?”

அவள் நாற்காலியின் விளிம்பைப் பிடித்தாள். அதற்குக் காரணம் என்னவென்று அவளுக்குப் புரியவில்லை. கை தானாகப் பிடித்தது.

“ஓம் அப்பா.”

“ஊசி போட்டாச்சே?”

“இப்ப ஊசி இல்லை. தானா ஏறும்.”

“அப்பிடியே? நல்லது, நல்லது. கிணத்துக்கயிறு இத்துப்போச்சு, மாத்தவேணும் எண்டு நினைச்சனான். மறந்துபோனன்.”

கயிறு நாட்குறிப்பில் இருந்தது. அவளே பக்கத்தைத் தட்டச்சு செய்திருந்தாள். இருந்தும், அதைச் சொன்ன விதம், ‘நல்லது, நல்லது’ என்று இரண்டு முறை சொல்வது, இரண்டாவதில் குரல் கொஞ்சம் இறங்குவது. அது ஒலிநாடாவில்கூட ஒரே ஒரு இடத்தில்தான் வரும்.

சட்டென்று கேட்டுவிடவேண்டும் என்று தோன்றியது. கேட்டாள். பதினேழு முறை சபையிடம் கேட்ட அதே மாதிரி, வரிசையாக, ஒன்றும் விடாமல். “அப்பா, நீங்கள் அந்தக் காம்புக்குப் போனீங்கள். அஞ்சாம் மாசம் உங்களைச் சுட்டினம். அட்டை எழுதித் தொங்கவிட்டினம். அம்மாவோட ஊரில ஒருத்தரும் கதைக்கேல்ல. பள்ளிக்கூடத்தில எனக்குப் பக்கத்தில ஒருத்தரும் இருக்கேல்ல. இவ்வளவும் தெரிஞ்சு, அந்த நாள் திரும்ப வந்தா... போவீங்களோ?”

மூச்சு. நீளமான மூச்சு. ஆயிரத்தில் மூன்று என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

“பிழை விட்டிட்டன்,” என்றார் அப்பா. “செய்திருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்.”

சதுக்கத்தில், திரையில், பத்தாயிரம் பேர் கேட்ட அதே மூன்று வாக்கியம். அதே இடைவெளி. அந்த இடைவெளியையும் அவள்தான் அளந்து வைத்திருந்தாள்.

“அப்பா,” என்றாள். “நீங்கள் போகாட்டி நான் செத்திருப்பன்.”

“ஓம் பிள்ளை. தெரியும்.”

“தெரிஞ்சுமோ?”

“தெரியும். எண்டாலும் போயிருக்கக் கூடாது. என்னை மன்னிச்சுக்கொள்.”

முப்பத்தொன்றில் அவர் என்ன சொல்லியிருப்பார்? அதைச் சொல்ல இனி உலகத்தில் ஒரு பானையும் கிடையாது. ஒருவேளை இதையேதான் சொல்லியிருப்பாரோ என்னவோ. அதுவும் தெரியப்போவதில்லை.

கண்ணாடிக்கு வெளியே சோலைராஜ் கையை உயர்த்தி, கழுத்தில் கோடு இழுப்பது மாதிரி சைகை காட்டினான். நிறுத்தட்டுமா? அவன் கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவளுடைய கண் உலர்ந்தே இருந்தது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். இன்னும் ஐம்பத்திரண்டு நிமிடம்.

வேண்டாம் என்று தலையசைத்தாள்.

அப்பா மறுபடியும் மன்னிப்புக் கேட்டார். அவள் நாற்காலியை ஒலிபெருக்கிக்குக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டுக்கொண்டாள். சொல் யாருடையதோ. குரல் அவருடையதுதான்.